வழித்துவிடும் விரல்

கிரிஜா யார் விரலில் எதைப் பூசினாலும், ஓரத்தில் வழிந்ததைத் தன் இடது கட்டை விரலால் ஒரே இழுப்பில் வழித்து, முழங்கால் மேல் விரித்திருக்கும் நீலத் துண்டில் தேய்த்துவிடுவாள். வலது கை அதற்காக நிற்காது. பிரஷ் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், கட்டை விரல் பாட்டுக்கு வழித்துக்கொண்டிருக்கும். எத்தனையோ வருஷமாக எத்தனையோ பெண்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். "என்ன சுத்தம் பாரு" என்று சிலர் வாய்விட்டே மெச்சியிருக்கிறார்கள். கைத்திறமை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கிரிஜா எதையும் நினைக்கவில்லை. அப்படி ஒன்றைச் செய்வதே அவளுக்குத் தெரியாது. மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்டுகிறவனைக் கேட்டால், ஈ வந்தது தெரியும் என்பான், கை போனது தெரியாது என்பான். அந்த மாதிரி.

அவள் பிறந்து வளர்ந்தது புனேயில் போபோடியில், ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் ஒரு சந்தில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்கி ஃபாக்டரி வேலைக்கு வந்தவர். கிரிஜா எட்டாவது படிக்கும்போது அம்மா இழுப்பு வந்து படுத்துவிட்டாள். அடுப்பா பள்ளிக்கூடமா என்று யாரும் கேட்கவில்லை. அடுப்புதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கோலம் நன்றாகப் போடுவாள் என்று பக்கத்துச் சந்து மார்வாடிக் கல்யாணத்துக்கு மெஹந்தி வைக்கக் கூப்பிட்டார்கள். போனாள். அப்புறம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மருதாணிக் கோன் பொல்லாதது. ஒரு சொட்டு கோடு தப்பி விழுந்தால், சிவப்பதற்குள் வழித்தெடுத்துவிட வேண்டும். யோசித்துக்கொண்டிருந்தால் மணப்பெண் கையில் கறை நிற்கும். மாமியார்க்காரி அதை வாழ்நாள் பூராவும் சொல்லிக்காட்டுவாள். பஞ்சு தேட நேரமில்லை, குச்சி தேட நேரமில்லை. கட்டை விரல் கைக்கு எட்டின தூரத்தில் இருந்தது. கல்யாண மாதங்களில் அந்த விரல் மணப்பெண்ணின் உள்ளங்கையைவிடச் சிவந்திருக்கும். கிரிஜாவைக் கட்டிக்கொண்டபோது கலியன், "பொண்ணுக்கு ஒரு விரல்ல மட்டும் யாரு மருதாணி வச்சா?" என்று கேட்டானாம். சிஞ்ச்வட்டில் வண்டிச் சாமான் செய்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை. அவன் பேசின முதல் வார்த்தையே அதுதான் என்று கிரிஜா சொல்வாள்.

பிறகு நிக்டியில் ராஜஸ்ரீயின் பார்லரில் சேர்ந்தாள். ஒரு பெரிய அடுக்குமாடி சொசைட்டியின் கீழ்த்தளத்தில் வரிசையாகக் கடைகள், அதில் ஒன்று. ராஜஸ்ரீயின் குடும்பம் மூன்று தலைமுறையாகப் புனேயில் இருக்கிறது. அவள் பேசுவது தமிழா மராத்தியா என்று கேட்கிறவர்கள்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். அங்கே கிரிஜாவுக்குக் கிடைத்தது பாதம் கழுவுகிற வேலை. முக்காலி தரையிலிருந்து ஒரு சாண் உயரம். வருகிறவள் மேலே சாய்வு நாற்காலியில் போனில் பேசிக்கொண்டிருப்பாள். கிரிஜாவுக்கு அவள் முகம் தெரியாது, குதிகால் வெடிப்புதான் தெரியும். காலை உதறிக்கொண்டே, "பாத்து, மெதுவா" என்று மேலேயிருந்து ஒரு குரல் வரும். அப்படிப் பல வருஷம் போயிற்று.

ஜெல் நகம் வந்து அவளைத் தூக்கி உட்கார வைத்தது. ராஜஸ்ரீ ஜன்னலோரமாக ஒரு வெள்ளை மேஜை போட்டாள். நகத்தின் மேல் பூசுகிற ஜெல்லைக் காய வைக்க, கையை உள்ளே நுழைக்கிற மாதிரி ஒரு விளக்குப் பெட்டி வாங்கினாள். கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து ஒரு மத்தியானம் செய்து காட்டினாள். இங்கிலீஷும் ஹிந்தியுமாக மூச்சு விடாமல் பேசினாள். கிரிஜா பேச்சைக் கேட்கவில்லை, கையைப் பார்த்தாள். அந்தப் பெண் போன பிறகு அதே மாதிரி செய்தாள். அதைவிட நன்றாகவே செய்தாள். மேஜை அவளுக்கு ஆயிற்று.

அந்த மேஜையில் எதிரெதிராக இரண்டு நாற்காலிகள், இரண்டும் ஒரே உயரம். ஆபீசில் பத்துப் பேரை ஆட்டிவைக்கிற பெண்கூட அங்கே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கிரிஜா "அசையாதீங்க" என்றால் அசைய மாட்டாள். மூக்கு அரித்தால்கூடக் கேட்டுக்கொண்டுதான் சொறிவாள். வாசனைத் திரவியம் பூசின முகங்களை நேருக்கு நேர் பார்த்து, "நகத்தைக் கடிக்குற பழக்கம் உண்டோ?" என்று கிரிஜா கேட்பாள். அவர்கள் குழந்தை மாதிரி விழிப்பார்கள். இதைவிடப் பெரிய பதவி ஒன்று உலகத்தில் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. கணபதி பண்டிகைக்கு முன்னும் தீபாவளிக்கு முன்னும் அந்த மேஜைக்குத்தான் கூட்டம்.

பதவி வந்ததும் வாயும் நீண்டது. புருவத்துக்கு நூல் போடுகிற அமலா, பிம்ப்ரியில் எங்கேயோ நகப் படிப்பு முடித்துவிட்டு வந்தவள். கூட்ட நாளில் அவளையும் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். அவள் ஒரு விரலில் ஜெல் பூசி, ஓரத்தை ஒரு மரக்குச்சியால் சுத்தம் செய்து, குச்சியைத் துடைத்து, மறுபடி உற்றுப் பார்த்து, அப்புறம்தான் கையை விளக்குக்குள் விடுவாள். அதற்குள் கிரிஜா ஒரு கையை முடித்திருப்பாள்.

"ஏளா அமலா, நகம் போடுதியா, பல்லுக் குத்துதியா?" என்பாள் கிரிஜா, வாடிக்கைக்காரிகள் கேட்கும்படி. எல்லோரும் சிரிப்பார்கள். அமலா தலையைத் தூக்க மாட்டாள். பார்லரில் அவளுக்குக் குச்சி அமலா என்று பெயர் வைத்ததும் கிரிஜாதான்.

ஸ்ரீரஞ்சனி கோயம்புத்தூர்க்காரி. புருஷன் கௌஷிக்கும் அவளும் ஐ.டி. வேலைக்குப் புனே வந்தவர்கள், மேலே அதே சொசைட்டியில் ஆறாவது மாடி. கடையில் தமிழ்க் குரல் கேட்டதும் முதல் நாளே, "அக்கா, நீங்க தமிழுங்களா! எனக்கு அழுகையே வந்துரும் போல இருக்குதுங்க" என்று கிரிஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிரியம் ஒரு தீபாவளிவரை தாங்கியது. பிறகு இருவருக்கும் ஆகவில்லை. ஸ்ரீரஞ்சனி போனை மேஜையில் நிறுத்தி வைத்துக்கொண்டு, "இந்த ஓரம் கோணலா இருக்குதுங்க்கா", "சென்னைல வேற மாதிரி பண்றாங்க்கா" என்று வேலைக்கு நடுவில் சொல்லுவாள். கிரிஜாவுக்குச் சுருக்கென்று இருக்கும். "அப்பம் சென்னைக்கே போயிட்டு வாங்களேன், ஃப்ளைட்டு இருக்குல்லா" என்பாள். ஸ்ரீரஞ்சனி சிரிப்பாள், சிரிப்பு கண்ணுக்குப் போகாது. இருந்தும் மாதம் தவறாமல் வந்தாள். கிரிஜாவைப் போல நகம் செய்ய நிக்டியில் ஆளில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதுதான் இரண்டு பேருக்கும் எரிச்சல்.

மழைக்கால ஆரம்பத்தில் ஸ்ரீரஞ்சனி ஒரு தடவை சொன்னாள்: "போன தடவை போட்டப்புறம் நகத்தச் சுத்தி அரிச்சுதுங்க்கா. சின்னச் சின்னதா தண்ணிக் கொப்புளம் மாதிரி வந்து போச்சு."

"ஜெல்லு புடிக்குதுன்னு அர்த்தம். புதுத் தோடு போட்டா காது அரிக்கலையா? தேங்காண்ணெ வைங்க."

அடுத்த தடவையும் சொன்னாள். கிரிஜா மறுபடி தேங்காய் எண்ணெய் என்றாள், கொஞ்சம் அலுப்பாக. அந்த அலுப்புக்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய கட்டை விரலே அப்போது அரித்துக்கொண்டிருந்தது. நுனி தடித்து, தோல் உரிந்து, கோடு கோடாக வெடித்திருந்தது. புளி கரைத்தால் உயிர் போயிற்று. கலியன் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் லீவு போட்டா உலகமா முழுகிடும்? டாக்டர்கிட்ட காட்டு" என்றான். "பாத்திரம் தேய்க்குற சோப்பு சரியில்ல, நீ தேய்ச்சா எனக்கு ஏன் வரப்போவுது" என்று அவன் மேலேயே திருப்பிவிட்டாள். விரலில் பேண்டேஜ் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். நனைந்தால் மாற்றிக்கொண்டாள்.

கணபதி முடிந்த ஒரு சனிக்கிழமை. கடையில் கூட்டம் இல்லை. கிரிஜா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அமலா நூல்கண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஸ்ரீரஞ்சனி கறுப்புக் கண்ணாடியும், கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவுமாக உள்ளே வந்தாள். நேராக ராஜஸ்ரீயின் முன்னால் போய் நின்று கண்ணாடியைக் கழற்றினாள்.

"அரே தேவா!" என்று ராஜஸ்ரீ எழுந்துவிட்டாள்.

இரண்டு இமையும் வீங்கிப் பணியாரம் மாதிரி இருந்தன. துப்பட்டாவை இறக்கினாள். கழுத்தில் சிவப்புத் திட்டுகள். கைகளை நீட்டினாள். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள். பத்து விரலின் நுனியும் உரிந்து, நீர் கோத்து, சில இடத்தில் வெடித்திருந்தது.

"ஸ்கின் டாக்டர் முதுகுல பட்டை பட்டையா ஒட்டி டெஸ்ட் பண்ணினாங்க. இந்த ஜெல்லுதான். விரல்ல பட்டு, அந்த விரலால நான் கண்ணத் தொட்டு, கழுத்தத் தொட்டு, எல்லா இடமும் வந்திருக்கு. இனி வாழ்க்கைல இது என் மேல படக்கூடாதாம். பல்லுல ஏதாவது அடைக்கணும்னாகூட முதல்லயே டென்டிஸ்ட்கிட்ட சொல்லணுமாம். அதுலயும் இதே சாதி மருந்து இருக்குமாம்." அதுவரை ராஜஸ்ரீயைப் பார்த்துப் பேசியவள் கிரிஜா பக்கம் திரும்பினாள். "தேங்காண்ணெ வைக்கச் சொன்னாங்கல்ல, உங்க எக்ஸ்பர்ட்டு!"

அவள் பேச்சில் எப்போதும் இருக்கும் 'ங்க்கா' காணாமல் போயிருந்தது.

அந்த இமைகளைப் பார்த்துக் கிரிஜாவின் துடைக்கிற கை நின்றது. ஆனால் 'எக்ஸ்பர்ட்டு' என்ற அந்த வார்த்தை அதற்கு முன்னால் காதில் ஏறிவிட்டது.

"எத்தன பேரு இந்த மேசைல உக்காந்து எந்திரிச்சுப் போறாங்க. அவங்களுக்கெல்லாம் வராதது உங்களுக்கு மட்டும் வந்தா அது என் கைக் குத்தமா, உங்க ஒடம்புக் குத்தமா?"

"உடம்புக் குத்தமா? நான் ரெண்டு தடவை சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்க. அரிக்குது அரிக்குதுன்னுட்டு பத்து விரலையும் நீட்டிக்கிட்டு மறுபடி வந்தது யாரு? நானா ஆறாவது மாடிக்கு வந்து கையப் புடிச்சு இழுத்தேன்?"

"பஸ் கர, கிரிஜா, போதும்!" என்று ராஜஸ்ரீ அதட்டினாள். ஸ்ரீரஞ்சனியைப் பார்த்து, "நீ உக்காரு னா. பானி குடி. நம்ம பாட்டில் எல்லாம் கம்பெனி மால்தான், டூப்ளிகேட் நான் வாங்கவே மாட்டேன், பகவான் மேல சத்தியம்" என்றாள்.

"டூப்ளிகேட்டோ ஒரிஜினலோ, எனக்கு வேண்டாம். இவங்க இந்த மேஜைல இருக்கக் கூடாது. இருந்தா நிக்டி தமிழ் லேடீஸ் குரூப்புல என் மூஞ்சிய ஃபோட்டோ எடுத்துப் போடுவேன். சொசைட்டி கமிட்டியிலும் கம்ப்ளைண்ட் குடுப்பேன். கடையும் இருக்காது, மேஜையும் இருக்காது."

ராஜஸ்ரீயின் முகம் வெளுத்தது. அவள் கிரிஜாவைப் பார்த்த பார்வையில் ஒரு கணக்கு ஓடியது கிரிஜாவுக்குத் தெரிந்தது. மேஜையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். சாண் உயர முக்காலி மூலையில் கவிழ்ந்து கிடந்தது. அது அவள் கண்ணில் பட்டது.

"நான் செய்யுதத பாருங்க" என்றாள் கிரிஜா. "இப்பமே செய்யுதேன். ராஜக்கா, நீங்க கையக் குடுங்க. ஆரம்பத்துலேர்ந்து கடைசிவரைக்கும் மேடம் பக்கத்துல நின்னு பாக்கட்டும். ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு காட்டினாங்கன்னா நானே இந்தச் சேர விட்டு எந்திச்சிடுதேன். காட்ட முடியலைன்னா, குரூப்பு கிரூப்புன்னு பேசப்படாது."

"பாக்கறேன்" என்றாள் ஸ்ரீரஞ்சனி. துப்பட்டாவால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மேஜையிலிருந்து ஓரடி தள்ளி நின்றாள். வீங்கின இமைகளுக்கு நடுவில் கண் இரண்டும் ஊசி மாதிரி இருந்தன. ராஜஸ்ரீ எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பலிக்குக் கொடுக்கிற மாதிரி கையை நீட்டினாள்.

கிரிஜா கையைக் கழுவினாள். நீலத் துண்டை முழங்காலில் விரித்தாள். ராஜஸ்ரீயின் நகங்களை ராவினாள், தூசி தட்டினாள், ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் ஒற்றினாள். ஒவ்வொன்றும் செய்யும்போது நிமிர்ந்து ஸ்ரீரஞ்சனியை ஒரு பார்வை பார்த்தாள், 'எழுதிக்கோ' என்கிற மாதிரி. அமலா நூல்கண்டை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

ஜெல் பாட்டில் திறந்தது. சுண்டு விரலில் பூச்சு சரியாக விழுந்தது, அடுத்ததிலும். கிரிஜாவின் தோள் இறங்கியது. கை தன் வேகத்துக்கு வந்துவிட்டது. மல்லுக்கட்டின மனசு ஒரு பக்கம் இருக்க, விரல்கள் பழகின தடத்தில் ஓட ஆரம்பித்தன. அவள் இப்போது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தான் ஜெயித்துக்கொண்டிருப்பதாக அவளுக்குப் பட்டது.

"நில்லு" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

கிரிஜா பிரஷைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"இப்ப என்ன பண்ணின?"

"என்ன பண்ணினேன்? பூசினேன்."

"அதில்ல. அந்தக் கை. கட்டை விரல்."

"கட்ட விரலு என்ன செஞ்சுச்சு?"

"வழிஞ்சத வழிச்சுத் துணில தடவின. சும்மா வழிக்கல. நகத்தச் சுத்தித் தோல் பூராவும் இழுகிவிட்ட. அப்படியே லைட்டுக்குள்ள விடப் போற. எனக்கும் இத்தன நாளா இதத்தான பண்ணியிருக்க? டாக்டர் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க, காயாத ஜெல்லு தோல்ல படுதான்னு. இல்லைங்க, அந்தக்கா ரொம்பச் சுத்தமாத் தொடச்சுருவாங்கன்னு சொன்னேன் நான். ரொம்பச் சுத்தமாத் தொடச்சுருவாங்கன்னு!"

"நான் அப்படி ஒண்ணும் செய்யல."

அவள் பொய் சொல்லவில்லை. அப்படி எதுவும் செய்ததாக அவளுக்கு உண்மையிலேயே ஞாபகமில்லை. ராஜஸ்ரீ தன் விரலை நீட்டிக் காட்டினாள். நகத்தைச் சுற்றிய தோலில் ரோஸ் நிற ஜெல் மெல்லிசாக, நெய் தடவின மாதிரி பளபளத்தது. கிரிஜா குனிந்து முழங்காலைப் பார்த்தாள். நீலத் துண்டில் ஈரமாக ஒரு ரோஸ் கோடு இருந்தது. அதற்கு அடியில், துவைத்தும் போகாமல் கரடுதட்டிப் போன பழைய கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக.

அமலா எழுந்து வந்தாள். ஒருவரும் கூப்பிடவில்லை. குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்து, ராஜஸ்ரீயின் விரலைச் சுற்றித் துடைத்தாள். தோலில் பட்டிருந்தது எல்லாம் போகிறவரை நிதானமாகத் துடைத்தாள். கிரிஜாவின் முகத்தைப் பார்க்காமல், "தோல்ல படக்கூடாது, அக்கா. கிளாசில முதல் நாளே சொன்னாங்க" என்றாள்.

"முதல் நாளே தெரிஞ்சவ இத்தன வருசமா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"நீங்க பல்லுக் குத்துதியான்னு கேட்டீங்க" என்றாள் அமலா. சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஸ்ரீரஞ்சனி அதையெல்லாம் கேட்கவில்லை. அவள் கிரிஜாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேண்டேஜக் கழட்டு."

"எதுக்கு?"

"கழட்டு."

"அது பாத்திரம் தேய்க்குற சோப்பு. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமுமில்ல."

"கிரிஜா, கழட்டு" என்றாள் ராஜஸ்ரீ. சத்தம் போடவில்லை. அது கிரிஜாவுக்குச் சத்தத்தைவிட மோசமாக இருந்தது.

பேண்டேஜ் நனைந்து, ஓரத்தில் ஜெல் உறைந்து ஒட்டியிருந்தது. உரித்தெடுத்தாள். ஸ்ரீரஞ்சனி ஓரடி முன்னால் வந்தாள். தன் ஆள்காட்டி விரலை, தொடாமல், அந்தக் கட்டை விரலுக்குப் பக்கத்தில் நீட்டினாள். அதே உரிந்த தோல். அதே பொடிக் கொப்புளங்கள். அதே கோடு வெடிப்பு. ஒரே வியாதி இரண்டு கையில் இருந்தது. வேறு எதிலும் ஒட்டாத இரண்டு பேரும் அதில் ஒட்டியிருந்தார்கள்.

"ஒரே ஒரு விரலுக்கு மட்டுமா பாத்திரம் தேய்க்கற நீ?" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

கிரிஜா கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"உனக்கே வந்திருக்கு. உன் விரல் வெடிச்சுத் தொங்குது. அதப் பாத்துக்கிட்டே எனக்குத் தேங்காண்ணெ சொன்ன. தெரிஞ்சே."

"தெரிஞ்சு இல்ல."

"தெரிஞ்சுக்க மாட்டேன்னு இருந்த. அது தெரிஞ்சு செய்யறதவிட மோசம்."

கிரிஜா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். நாற்காலி கிறீச்சென்றது. மன்னித்துவிடுங்கள் என்ற சொல் தொண்டைவரை வந்ததோ என்னவோ, எதிரில் இருந்த முகத்தைப் பார்த்ததும் வேறு சொல்தான் வெளியே வந்தது.

"சொன்ன சொல்லு சொன்னதுதான். எந்திச்சிட்டேன். போதுமா?"

"போதாது" என்றாள் ஸ்ரீரஞ்சனி. "நீ எந்திரிச்சா என் கண்ணு வீக்கம் வடியப் போறதில்ல." கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள். கதவை அடித்துச் சாத்தவில்லை. அடித்துச் சாத்தியிருந்தால் கிரிஜாவுக்குத் திட்டவாவது ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

ராஜஸ்ரீ அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. "குச்சி வச்சுச் செய் னா, குளோவ் போட்டுச் செய். கொஞ்ச நாள் போனா எல்லாரும் மறந்துடுவாங்க" என்றாள். குரூப்பில் ஃபோட்டோ வந்துவிட்டிருந்தது. ஆனால் அதிலும் கிரிஜாவின் கைக்கு வக்காலத்து வாங்க நாலு பேர் இருந்தார்கள். ஆகவே திங்கட்கிழமை கிரிஜா மறுபடி மேஜைக்கு வந்தாள். சேரை விட்டு எழுந்துவிட்டேன் என்று சொன்னது ஸ்ரீரஞ்சனியிடம்தானே, அவள்தான் இனி வரப்போவதில்லையே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். நீலத் துண்டைக் குப்பையில் போட்டாள். கையுறை மாட்டினாள். குச்சியை எடுத்தாள். கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

கட்டை விரல் கேட்கவில்லை. குச்சி கையில் இருக்கும்போதே விரல் போய் வழித்துவிட்டு வரும். கையுறையில் ரோஸ் கோட்டைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து டேப் போட்டுக் கட்டிப் பார்த்தாள். அப்போது பிரஷ் பிடித்த கைக்கே தடம் தப்பியது, கோடு கோணியது. எதிரில் கையை நீட்டியிருக்கும் பெண் போனைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கிரிஜாவின் கையைப் பார்க்க ஆரம்பித்தாள். இப்போது மேஜையில் அசையாமல் இருக்க வேண்டியவள் கிரிஜா.

ஒரு காலையில் எழுந்தபோது அவளுடைய இடது இமை தடித்திருந்தது. கண்ணாடியில் பார்த்தாள். பணியாரம் அளவு இல்லை. ஆனால் அதே ஜாதி.

கலியன் லீவு போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டரம்மா மராத்தியில் பொறுமையாகச் சொன்னாள்: ஒரு தரம் உடம்பு இதைப் பகைத்துக்கொண்டால் பகைத்துக்கொண்டதுதான். ஆறும். மறக்காது. சாதாரணக் கையுறைக்குள்ளே இது ஊறி வந்துவிடும். இந்த வேலையை விட்டுவிடு.

"கொஞ்சமாத் தொட்டா?" என்று கேட்டாள் கிரிஜா.

"கொஞ்சமும் கூடாது."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கலியன், "அந்தக் கோயமுத்தூர்ப் பொண்ணு சாபம் உட்டுடுச்சு போல" என்றான், சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து. கிரிஜா அவனைப் பார்த்த பார்வையில் அவன் பஸ் வருகிறதா என்று ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் ஸ்ரீரஞ்சனியை அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்தாள். சொசைட்டி வாசலில் தள்ளுவண்டிக்காரனிடம் ஸ்ரீரஞ்சனி கொத்தமல்லி வாங்கிக்கொண்டிருந்தாள். இமை வடிந்து, பழைய முகம் திரும்பியிருந்தது. விரல்களில் பூச்சு எதுவும் இல்லை. நகங்கள் பள்ளிக்கூடப் பிள்ளையுடையதைப் போலக் குட்டையாக இருந்தன. கிரிஜா விலகிப் போயிருக்கலாம். ஏனோ போகவில்லை.

ஸ்ரீரஞ்சனி அவள் கையைப் பார்த்தாள். "விரல் எப்படி இருக்கு?"

"உங்களுக்கு எப்படியோ அப்படித்தான்."

"அப்ப சரி" என்றாள் ஸ்ரீரஞ்சனி. கொத்தமல்லியை முகர்ந்து பார்த்து, வாடியிருக்கிறது என்று திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

இன்று ஜன்னலோர மேஜையில் அமலா உட்கார்ந்திருக்கிறாள். மெதுவாகத்தான் செய்கிறாள், காத்திருக்கிறார்கள். கிரிஜா அவளோடு வேலை விஷயம் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. அவளுக்கு வைத்த குச்சி அமலா என்ற பெயரை மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். கிரிஜா மறக்கவில்லை, சொல்வதும் இல்லை. ஸ்ரீரஞ்சனி அந்தக் கடைப் படியை மிதிப்பதில்லை. கிரிஜாவின் கட்டை விரல் ஆறிவிட்டது, நுனியில் மட்டும் தோல் கொஞ்சம் பளபளப்பாக இருக்கிறது. அவள் மறுபடி சாண் உயர முக்காலியில் உட்கார்ந்து பாதம் பார்க்கிறாள்.